அந்தக் கை வேறு யாருக்குக் கொடுத்தது

1

ஒரே கேள்வியை இந்த வருடம் இரண்டு பேர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கேட்டார்கள். முதலில் கேட்டவர் ஜிம்பாப்வேயில் ஒரு கிராமத்து வைத்தியர். பாயில் இருந்துகொண்டு, யாரோ நீட்டிய போனுக்குள் கேட்டார். இரண்டாவதாகக் கேட்டவர் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எங்கள் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். முதல் ஆளின் மேல் நான் கோபப்பட்டேன். இரண்டாம் ஆளுக்கு என் மனைவி பொய் சொன்னாள்.

ஆக்லாந்துக்கு வந்து இருபது வருடம் ஆகிறதே, ஊர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மழையைப் பற்றியும் மோட்கேஜைப் பற்றியும் எழுதுவதாகத்தான் இருந்தேன். இரண்டைப் பற்றியும் எனக்கு நிறையக் குறை உண்டு. ஆனால் கொஞ்சக் காலமாக வேலைக்குப் போகும்போது காரில் பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து மழையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த இருக்கை தென்டாயுடையது. தெற்கு ஆக்லாந்தில், தகனினியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், ஜிம்பாப்வேக்காரன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இந்தப் புதுக் குடியிருப்பில் வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வந்த புதிதில் நான் ஒருநாள் அவனுடைய கதவில் என் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்து திறந்தவன் சிரித்துவிட்டு, வந்ததுதான் வந்தீர்கள், தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றான். பிறகு பார்த்தால் இரண்டு பேருக்கும் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரே பண்டகசாலையில் வேலை. அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், நான் சாமான் வந்த கணக்கு எடுப்பேன். ஒரு வாரம் அவன் கார், ஒரு வாரம் என் கார் என்று போய்வரத் தொடங்கினோம்.

ஒருநாள் அவனுக்கு மன்னாரில் நிற்கிற பெருக்க மரத்தின் படத்தைப் போனில் காட்டினேன். யானைக்கால் மாதிரி அடி பெருத்து, ஊரில் வேறு எந்த மரத்தோடும் சேராமல் நிற்குமே, அந்த மரம். அவன் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"இது எங்கட மரமெல்லோ. உங்கட ஊரில நிண்டு என்ன செய்யுது?"

அராபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லுவார்கள் என்றேன். அன்றிலிருந்து அவன் என்னை முக்கோமா என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் அண்ணன். என் மனைவி பிலோமினா அவனுக்கு மைகுரு, அதாவது அண்ணி. நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில், இரண்டு பேருடையதும் ஓட்டை ஆங்கிலம். இங்கே அவன் சொன்னதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

2

தகனினியிலிருந்து காலையில் மோட்டர்வேயில் ஏறினால் கார் ஓடுவதைவிட நிற்பதுதான் கூட. அந்த நிற்கிற நேரத்தில்தான் அவன் செக்குருவைப் பற்றிச் சொல்லுவான். செக்குரு என்றால் தாத்தா. அவனுடைய கிராமத்து வைத்தியரை ஊரே அப்படித்தான் அழைக்குமாம்.

கிராமத்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, ஒரு நேர்ஸ் இருக்கிறார். அங்கே மருந்து இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. செக்குரு எல்லா நாளும் இருப்பார். முறிந்த எலும்பைக் கட்டுவார், பாம்புக்கடிக்கு வேர் அரைப்பார். மாடு பால் மறுத்தாலும் அவரிடம்தான், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் அவரிடம்தான், அண்ணன் தம்பிக்குள் வயல் வரம்புச் சண்டை வந்தாலும் அவரிடம்தான். இரத்தமாக இருமுகிறவனை அவர் தொடமாட்டார், கிளினிக்குக்கு அனுப்புவார். எந்த மருந்துக்கும் கேட்காத நோயாளியை நேர்ஸும் வெட்கப்படாமல் அவரிடம் அனுப்பிவிடுவாராம்.

அவரிடம் நோயாளி தனியே போக முடியாது. குடும்பமே போய் இருக்க வேண்டும். அவர் நான்கு மரத்துண்டுகளை எறிந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பார், குடும்பத்தார் கையைக் குவித்து மெல்லத் தட்டி ஆமோதிப்பார்கள்.

"எங்க நோகுது எண்டு அவர் கேக்கமாட்டார், முக்கோமா. ஆர் வரேல்லை எண்டுதான் முதல் கேப்பார்."

"எங்கட பரியாரியார் நாடியைப் பிடிப்பார். உங்கட ஆள் சொந்தக்காரரைப் பிடிக்கிறார் போல," என்றேன்.

அவன் சிரித்தான். "அவரிட்டப் பொய் சொல்லேலாது."

"ஏன், கண்டுபிடிச்சிடுவாரோ?"

"அவர் ஏன் கண்டுபிடிக்கோணும்? பக்கத்தில அக்கா இருப்பாள், சித்தப்பா இருப்பார். அவையள் இருக்கேக்க என்னெண்டு பொய் சொல்லுறது?"

இதை அப்போது நான் ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டேன். காது கொடுத்தேனே தவிர மனம் கொடுக்கவில்லை.

3

பிலோ முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்க ஈரத் துணியோடு நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. இங்கத்தைய டொக்டர் பனடோல் எழுதிக்கொடுத்து, மெலியச் சொன்னார். மெலியச் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஊரிலிருந்து அவளுடைய அண்ணன் எங்களைப் பார்க்க வந்தபோது, யாரோ ஒரு பரியாரியிடம் சொல்லி மூட்டுவலிக் குளிசை செய்வித்துக் கொண்டுவந்தார். பயறளவில் கறுத்த உருண்டைகள், நசுக்கினால் உள்ளே செம்மண் நிறம்.

இந்த நாட்டு விமான நிலையம் உங்களுக்குத் தெரியாது. ஒரு அப்பிள் பழத்துக்கே தண்டம் கட்டியவர்கள் உண்டு. நாய் வந்து பையை மணந்து பார்க்கும். ஆகவே முன்பு நாங்கள் இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோன விற்றமின் போத்தல்கள் மூன்றைக் கழுவிக் காயவைத்து, குளிசைகளை அதற்குள் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி போத்தலை எடுத்துப் பார்த்து, நல்லது என்று திரும்ப வைத்ததை மச்சான் எங்கள் கதிரையில் இருந்து நடித்துக் காட்டினார். நான் வயிறு நோகச் சிரித்தேன்.

நானும் சில நாள் விழுங்கிப் பார்த்தேன். வாயில் ஏதோ தகரத்தை நக்கியதுபோல ஒரு ருசி நிற்கவே விட்டுவிட்டேன். பிலோவின் முழங்காலுக்கு அது நன்றாகக் கேட்டது. அவளுக்கு ஒன்று நன்மை செய்துவிட்டால் அதை நாலு பேருக்குக் கொடுக்காமல் அவளால் இருக்க முடியாது. நண்டுக் கறியும் வட்டிலப்பமும் அப்படித்தான் வேலிக்கு மேலால் போய்க்கொண்டிருந்தன. தென்டாய் நொண்டி நொண்டி ஃபோர்க்லிஃப்டால் இறங்குவதை நான் வீட்டில் சொல்லிவைக்க, அடுத்த நாளே ஒரு போத்தல் வேலிக்கு மேலால் போனது.

"ஆரும் கேட்டா விற்றமின் எண்டு சொல்லுங்கோ," என்று அவள் தன் ஆங்கிலத்தில் அவனுக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். விமான நிலையப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான். பிலோவுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

"ஒரு தாங்ஸ் கூடச் சொல்லேல்லை, பாத்தீங்களோ. கறிக்கெல்லாம் சொல்லுறவர்."

மறுநாள் காரில் அவனிடம் கேட்டேன்.

"மருந்துக்கு நன்றி சொல்லக் கூடாது, முக்கோமா. சொன்னா அந்த மருந்து அதுக்குப் பிறகு வேலை செய்யாது. எங்கட பக்கம் செக்குருவுக்கும் ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

பிலோவிடம் சொன்னேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் குளிசையை அவன் உண்மையான மருந்தாக மதித்திருக்கிறான் என்று அதை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தாள்.

4

குளிர் தொடங்கியபோது தென்டாயின் வயிறு முறுகத் தொடங்கியது. வேலை நடுவில் சாமான் அடுக்குகளுக்கு இடையில் போய்க் குந்தி இருப்பான். சாப்பாடு இறங்கவில்லை. உள்ளங்கை வெளிறியிருந்தது. அவனுடைய மனைவி ரூடோ டொக்டரிடம் இழுத்துப்போனாள். டொக்டர் நல்ல மனிதர், ஆனால் கால்மணி நேரத்துக்கு ஒருவரைப் பார்த்து முடிக்க வேண்டியவர். ஆபிரிக்க நாட்டு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டாராம்.

"என்ர நிறத்தைப் பாத்துத்தான் கேட்டவர்," என்றான் தென்டாய். "இல்லை எண்டு சொன்னன். உண்மைதானே."

"வேற மருந்து கேக்கேல்லையோ?"

"கேட்டவர். விற்றமின் எண்டன்."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் அவனுடைய முறை, அவன் கார் ஓட்டினான். மழை. பக்கத்தில் ஒரு கொள்கலன் லொறி எங்களோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய வலது கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். நான் கத்தினேன். லொறியின் சில்லு என் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் சுற்றியது. இடது கையால் பிடித்து இழுத்துக் காரை நேராக்கினான்.

"கை சொன்னதைக் கேக்குதில்லை," என்றான், அது வேறு யாருடையதோ கை என்பதுபோல.

அதற்குப் பிறகு நானே ஓட்டினேன். கையைத் திருப்பிப் பார்ப்பதும் மணிக்கட்டை நிமிர்த்தப் பார்ப்பதுமாக அவன் பக்கத்தில் இருந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க நான் ரக்பியைப் பற்றிக் கதைத்தேன்.

5

ஊரில் அவனுடைய அக்கா செக்குருவிடம் போனாள். போனை நடுவில் வைத்து, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் தகனினியில் சாப்பாட்டு மேசையைச் சுற்றித் தென்டாயும் ரூடோவும் பிள்ளைகளும். பிள்ளைகளுக்கு வேடிக்கை, கை தட்டத் தெரியாமல் பிறந்தநாளுக்குத் தட்டுவதுபோலத் தட்டினார்களாம்.

செக்குரு ஒருவரையும் பெயர் சொல்லவில்லை. இன்னார்தான் சூனியம் செய்தது என்று பெயர் சொல்லுவது அங்கே சட்டப்படியும் பிழை. இந்த வருடம் உன் வாய்க்குள் என்னவெல்லாம் போனது, யார் யாருடைய கையால் போனது என்று மட்டும் கேட்டார். தென்டாய் எல்லாவற்றையும் சொன்னான். டொக்டருக்குச் சொல்லாத போத்தலையும் சொன்னான். அப்படியென்றால் இது வாசலால் வரவில்லை, வேலிக்கு மேலால் வந்திருக்கிறது என்றாராம் அவர். அந்தக் கையால் இனி ஒன்றும் வாங்காதே, மிஞ்சியதை எறியவும் வேண்டாம், துணியில் முடிந்து வீட்டுக்கு வெளியே வை. பெயரைச் சொன்னவள் அக்கா. அந்த இந்தியக்காரிதான் என்றாளாம். எங்கள் எல்லோரையும் இந்தியராக்கினதும் சேர்ந்துதான் எனக்குக் கொதித்தது.

இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியவந்தது அடுத்த நாள் காலை, பண்டகசாலைக் கார் தரிப்பிடத்தில், காரைவிட்டு இறங்குமுன்.

"முக்கோமா, ஒண்டு கேக்கோணும். கோபிக்கக் கூடாது."

"கேள்."

"செக்குரு கேக்கச் சொன்னவர். மைகுரு எங்களுக்குத் தாறா. அந்தக் கை வேற ஆருக்குக் குடுத்தது?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் தலைக்கு ஏறிவிட்டது.

"உன்ர செக்குருவிட்டச் சொல்லு, என்ர மனுசி சூனியக்காரி இல்லை. அவ கையால சாப்பிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சாகேல்லை."

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை. வேற ஆருக்கும் இது நடக்கக் கூடாதெண்டுதான்..."

"இறங்கு," என்றேன்.

அவன் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, பிறகு கதவைத் திறந்து இறங்கினான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். சலோமை அன்ரியை மறந்திருக்கமாட்டீர்கள். அவ கொடுத்த மீன்கறி சாப்பிட்ட அன்றுதான் என் சித்தப்பா சுருண்டு விழுந்தார். செய்வினை என்றார்கள். பூசை முடிந்து வரும்போது அவ தன் வீட்டுப் படலையடியில் நிற்பா, நாங்கள் குனிந்துகொண்டு போவோம். கடைசியில் ஊரைவிட்டே போனா. அது என்ன மீன் என்று ஒருவராவது கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. நஞ்சுள்ள பேத்தை மீனைத் தெரியாமல் கறி வைத்திருக்கலாம் என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்து பிலோவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"நான் குடுத்ததெல்லாம் அன்பில குடுத்தது," என்று அழுதாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான் வயிறு நோகுது. நான் ஆரைச் சொல்லுறது?" என்றாள்.

வாயு என்று இஞ்சி அவித்துக் குடித்தாள்.

6

அடுத்த நாள் எங்கள் வாசலில் எங்களுடைய பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ரூடோ எப்போதும் வெறும் பெட்டி திருப்பித் தரமாட்டாள், வேர்க்கடலையாவது சோளமாவது போட்டுத்தான் தருவாள். இந்த முறை கழுவித் துடைத்து, வெறுமையாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிலோ அவற்றை அலுமாரிக்குள் வைக்கவில்லை, குப்பையில் போட்டாள். தென்டாய் ரயிலில் வேலைக்குப் போகத் தொடங்கினான். ஸ்டேசனுக்கு அவன் நடந்து போகும்போது நான் காரில் அவனைத் தாண்டிப் போவேன்.

ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஒரே மகள் டிலானி நகர மையத்தில் மார்க் என்கிற பையனோடு இருக்கிறாள். கல்யாணம் கட்டவில்லை. அதற்காகத் தாயும் மகளும் ஒரு வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்தார்கள். நான் போன் எடுத்தால், "பிஸி, அப்பா, டெக்ஸ்ட் மீ," என்பாள். டெக்ஸ்ட் பண்ணினால் ஒரு பெருவிரல் படம் வரும். வயிற்றில் பிள்ளை தங்கியதும் அவளாகவே தாயைக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். இரண்டு பேரும் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் ஆங்கிலத்திலும் தாய் தமிழிலுமாகக் குசுகுசுத்தார்கள். முதல் முறை வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு நிமிர்ந்து நடந்தாள்.

"அம்மா இஸ் லுக்கிங் ஆஃப்டர் மீ, அப்பா," என்றாள் என்னிடம்.

பிள்ளை எங்களிடம் திரும்பி வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் நான் மிதந்தேன். பிலோ அவளை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

7

தென்டாயைப் பண்டகசாலையிலிருந்து அம்புலன்சில் ஏற்றினார்கள். தரையில் சுருண்டு கிடந்தான், சித்தப்பா கிடந்த அதே கிடை. கை தூக்கிவிடப் போன என்னை அவன் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் அவனுடைய இரத்தத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஈயத்துக்குச் சோதித்தார். பழைய கூரைத் தகட்டிலும் பற்றரியிலும் இருக்கிற அதே ஈயம். அவன் உடம்புக்குள் அது நிறைந்து கிடந்தது. பழைய வீட்டுப் பெயின்றோ, பற்றரி உடைத்தானோ, துப்பாக்கி சுடப் போகிறவனோ என்று கேட்டார்கள். மருந்து என்ன எடுத்தாய் என்று கேட்டபோதெல்லாம் அவன் விற்றமின் என்றே சொன்னான். சுகாதாரத் துறை அதிகாரி வீட்டுக்கு வந்து ரூடோவிடம் விசாரித்தார். ரூடோ கராஜுக்குப் பின்னால் போய், செக்குரு சொன்னபடி துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்து அவிழ்த்தாள். எங்கள் போத்தல்.

அதிகாரி எங்கள் வீட்டுக்கும் வந்தார். சாந்தமான பெண். கையுறை போட்டு, பிலோவின் போத்தலை ஒரு பைக்குள் வைத்தார். குளிசைக்குள் இருப்பது ஈயம் என்று மெதுவான ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். நாங்கள் இரண்டு பேரும் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்.

"இதை நீங்கள் வேறு யாருக்காவது கொடுத்தீர்களா? பிள்ளைகளுக்கு? கர்ப்பிணி யாருக்காவது?"

"நோ. ஒன்லி மீ அண்ட் நெய்பர்," என்றாள் பிலோ. ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

அதிகாரி போனபின் கேட்டேன். "மூண்டு போத்தல் வந்தது. மற்றது எங்க?"

"அது பழுதாப் போச்சு. கொட்டிப்போட்டன்."

நம்பினேன். முப்பது வருடம் ஒன்றாக இருந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது. அவளுடைய இரத்தத்திலும் ஈயம் இருப்பதாகப் பிறகு முடிவு வந்தது. என்னுடையதில் கொஞ்சம்.

அடுத்த நாள் தென்டாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுடைய வலது மணிக்கட்டு ஒரு பட்டியில் கட்டிக் கிடந்தது.

"ஏன்டா சொல்லேல்லை?" என்றேன்.

"மைகுரு சொல்ல வேண்டாமெண்டா. உங்கட விசாவுக்கு ஏதும் வந்திடுமெண்டு நினைச்சன்."

"நாங்கள் சிற்றிசன் எடுத்து எவ்வளவு காலம்."

"அவ பயந்த மாதிரி இருந்தா, முக்கோமா."

"செக்குருவுக்கு மட்டும் சொன்னனீ."

"அக்கா பக்கத்தில இருந்தாளே."

நான் அந்த வைத்தியரைப் பெரிய ஞானியாக்கிக் காட்ட எழுதவில்லை. ஒரு பகை இருக்கிறது என்று அவர் நினைத்தார், பகை எங்கேயும் இருக்கவில்லை. அந்தக் கையை விலக்கினால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அக்கா தடுத்தாள், அவரும் மறுத்துச் சொல்லவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் கை இந்தளவு போயிருக்காது என்று டொக்டர் சொன்னார். ஆனால் ஒரு நோயை ஒரு குடும்பத்தின் நடுவில் வைத்து, ஒருவரும் ஒளிக்க முடியாதபடி கேட்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். இந்த நகரத்தில் எங்களை அப்படி உட்கார்த்திக் கேட்க ஒருவரும் இல்லை. நாங்கள் தனித்தனி அறையில் தனித்தனியாகப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தோம்.

8

நேற்றுத் தென்டாய் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரிப் பட்டியைக்கூடக் கழற்றாமல் நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். பின்னால் ரூடோ. பிலோ கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் விட்டேன்.

"மைகுரு," என்றான், "அந்த மருந்துக்கு நன்றி."

பிலோவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மருந்துக்கு நன்றி சொன்னால் அது அதற்குப் பிறகு வேலை செய்யாது. கெட்டதென்றால் அந்தக் கெட்டதும் வேலை செய்யாது. அவன் அதை முறிக்கிறான். அவளை மன்னிப்பதற்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். நான் தமிழில் அவளுக்குச் சொன்னேன்.

அவள் வாசல் படியிலேயே குந்திவிட்டாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். "மூண்டாவது போத்தல் நான் கொட்டேல்லை. பிள்ளைக்கு இடுப்பு நோ எண்டாள்."

தென்டாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தான். அவனும் ரூடோவும் கையைக் குவித்து மெல்லத் தட்டினார்கள். அப்படித் தட்டுவதை நான் முதல்முறை கேட்டேன். அது கைதட்டல் மாதிரியே இல்லை.

நான் டிலானியைக் கூப்பிட்டேன். பிஸி என்றாள். இந்த முறை நான் டெக்ஸ்ட் பண்ணவில்லை. பிலோவை ஏற்றிக்கொண்டு நேரே நகர மையத்துக்கு ஓட்டினேன்.

இதை நான் டிலானியின் வீட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். நேற்றே அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஆறாம் மாதம். முடிவைச் சொல்ல இன்றைக்குப் போன் பண்ணுவார்கள். அந்த அதிகாரிக்கும் நானே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் என்னைக் கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். எத்தனை கிழமையாக எடுத்தாள் என்று மட்டும் கேட்டார். போத்தலில் முக்கால்வாசி முடிந்திருந்தது. மார்க் குசினிக்குள் நின்று ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறான். காலையிலிருந்து மகள் தாயோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பிலோ சோபாவின் நுனியில், பிறத்தியார் வீட்டில் இருப்பதுபோல இருக்கிறாள்.

தென்டாய் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து பிலோவிடம் அதையே கேட்டிருக்கலாம். கோபத்தைத்தான் கொண்டுவந்தேன், கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன். அதன் பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வந்து போனாள்.

இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு டிலானியிடம் சொன்னேன். "அம்மாவுக்குத் தாங்ஸ் சொல்லு."

"ஃபோர் வாட்?"

"அந்தக் குளிசைக்கு. சொல்லு பிள்ளை."

எனக்கு மூளை பிசகிவிட்டது என்பதுபோலப் பார்த்தாள். தென்டாயின் ஊரில் மருந்துக்கு நன்றி சொன்னால் என்ன ஆகும் என்று சொன்னேன். இருபது வருடம் இந்த நாட்டில் வரி கட்டிய ஒரு மனிதன் இதைச் சொல்கிறான் என்று எனக்கே கேட்டது. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்தாள். எனக்கு எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை, சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த அந்தச் சொல்லைத் தேடி எடுத்தாள்.

"நன்றி, அம்மா."

பிலோ முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்குள்ளால் குரல் வந்தது.

"இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை."

டிலானி இன்னொருமுறை சொன்னாள். போன் மேசையில் எனக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இன்னும் அடிக்கவில்லை.